போர்ட்டில் பொருந்துகிறது, லிங்க் வரவில்லை: எஸ்எஃப்பி மாட்யூல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெட்வொர்க் வேலையில் எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும்: “மாட்யூல் கச்சிதமா உட்கார்ந்துடுச்சு, கேபிளும் போட்டாச்சு, ஆனா லைட் எரியல.” உட்கார்ந்துவிட்டால் வேலை செய்யும் என்று நினைப்பதில்தான் கோளாறு. ஒரு விரல் நீளத்துக்கு இருக்கும் அந்த உலோகப் பெட்டியில் உருவம், வேகம், ஒளியின் அலைநீளம், தூரம் என்று நான்கு விஷயங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் அடங்கியிருக்கின்றன. கண்ணுக்குத் தெரிவது உருவம் மட்டும். மற்ற மூன்றையும் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை இங்கே.

எஸ்எஃப்பி என்பது என்ன? அதை ஸ்விட்சிலேயே பொருத்திக் கொடுத்தால் என்ன?

ஸ்விட்சுக்குள் (நெட்வொர்க்கில் கணினிகளை இணைக்கும் பெட்டி) ஓடுவது மின்சாரம், ஃபைபருக்குள் (கண்ணாடி இழைக் கேபிள்) ஓடுவது ஒளி. ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவதுதான் இந்த மாட்யூலின் வேலை. உள்ளே ஒரு லேசர் அனுப்பும், ஒளியை உணரும் ஒரு டயோடு வாங்கும்.

ஸ்விட்ச் செய்பவருக்கு உங்கள் கேபிள் எங்கே போகப்போகிறது என்று தெரியாது. ஒரு போர்ட் அடுத்த ரேக்குக்கு (கருவிகளை அடுக்கும் சட்டம்) போகும், இன்னொன்று பக்கத்துக் கட்டடத்துக்கு, மூன்றாவது 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊருக்கு. எல்லா போர்ட்டிலும் 40 கிலோமீட்டர் லேசரை வைத்துக் கொடுத்தால் யாரும் வாங்க முடியாத விலையாகிவிடும். அதனால் போர்ட்டைக் காலியாக விட்டு, தேவையானதை நீங்களே செருகிக்கொள்ளும்படி வைத்தார்கள். இன்னொரு லாபமும் உண்டு. லேசர் வயதாகிச் சாகும் பாகம். அது போனால் ஸ்விட்சை அணைக்காமலே கழற்றி வேறு போடலாம்.

இத்தனை பெயர்கள் எதற்கு? ஜிபிக், எக்ஸ்எஃப்பி, எக்ஸ்2 என்றெல்லாம் பழைய ஆட்கள் சொல்கிறார்களே?

இந்த உருவங்களை எந்த அரசும் விதிக்கவில்லை. போட்டிக் கம்பெனிகள் கூடிப் பேசி, “இந்த அளவில், இத்தனை பின்களோடு செய்வோம்” என்று போட்டுக்கொண்ட ஒப்பந்தங்கள்தான் இவை. யாருடைய மாட்யூலும் யாருடைய ஸ்விட்சிலும் போகவேண்டும் என்பதுதான் நோக்கம். (அந்த நோக்கம் என்ன ஆயிற்று என்பதைக் கீழே பார்ப்போம்.)

முதலில் வந்தது 1990களின் ஜிபிக். ஒரு ஜிகாபிட் வேகம், தீப்பெட்டியைவிடப் பெரிய உருவம், சதுரமான எஸ்சி கனெக்டர். 2001 வாக்கில் அதே வேலையைப் பாதி அகலத்தில் செய்ய எஸ்எஃப்பி வந்தது. கனெக்டரும் சின்ன எல்சி ஆனது. ‘மினி ஜிபிக்’ என்று சில ஸ்விட்ச்களின் முகப்பில் இன்னும் அச்சிட்டிருப்பதும் இதைத்தான்.

10 ஜிகாபிட்டுக்கு வந்தபோதுதான் குழப்பம். ஜென்பாக் என்று கையடக்கமில்லாத ஒன்று வந்தது. எக்ஸ்2, எக்ஸ்எஃப்பி என்று வேறு இரண்டும் வந்தன. இந்த வரிசையில் ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறியது. எப்படிச் சிறுத்தது? 10 ஜிகாபிட் வேகத்தில் மங்கிப்போகும் சமிக்ஞையைத் திருத்தி எடுக்கும் மின்சுற்று முதலில் மாட்யூலுக்குள் இருந்தது. எஸ்எஃப்பி பிளஸ் செய்தவர்கள் அந்த வேலையை ஸ்விட்சின் பலகைக்குத் தள்ளிவிட்டார்கள். மாட்யூல் மெலிந்தது, விலை இறங்கியது, மற்ற எல்லாம் மியூசியத்துக்குப் போயின. எக்ஸ்எஃப்பி மட்டும் தொலைத்தொடர்புக் கருவிகளில் பல வருஷம் உயிரோடு இருந்தது.

எஸ்எஃப்பி, எஸ்எஃப்பி பிளஸ், எஸ்எஃப்பி28 மூன்றும் கையில் எடுத்தால் ஒன்றுபோலவே இருக்கின்றன. மாற்றிப் போடலாமா?

உருவம் ஒன்றுதான். வேகம் முறையே 1, 10, 25 ஜிகாபிட். லேபிளைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பெரிய போர்ட்டில் சின்ன மாட்யூல் பெரும்பாலும் ஓடும். 10 ஜிகாபிட் போர்ட்டில் 1 ஜிகாபிட் எஸ்எஃப்பியைப் போட்டால், ஸ்விட்ச் அனுமதித்தால், 1 ஜிகாபிட்டில் ஓடும். தலைகீழாக நடக்காது. 1 ஜிகாபிட் போர்ட்டில் எஸ்எஃப்பி பிளஸைச் செருகினால் அழகாக உட்காரும், அவ்வளவுதான். செப்பு ஈதர்நெட்டைப்போல இரண்டு முனையும் பேசி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஃபைபரில் 10ஐயும் 1ஐயும் எதிரெதிரே வைத்தால் இரண்டுமே காத்துக்கொண்டிருக்கும்.

25 ஜிகாபிட்டில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, பிழை திருத்தும் முறை. ‘எஃப்இசி’ என்று அமைப்பில் இருக்கும். ஒரு முனையில் அது இயங்கி, மறுமுனையில் அணைந்திருந்தால், ஒளி நன்றாக வந்துகொண்டிருக்கும், லிங்க் மட்டும் வராது. ஃபைபரைச் சந்தேகித்து ஒரு ராத்திரி முழுக்க ஸ்ப்ளைஸ் (இழையை வெட்டி ஒட்டுவது) போட்டவர்களை எனக்குத் தெரியும். இரண்டாவது, பல ஸ்விட்ச்களில் 25 ஜிகாபிட் போர்ட்டுகள் நான்கு நான்காகக் கட்டப்பட்டிருக்கும். ஒன்றை 10க்கு இறக்கினால் மற்ற மூன்றும் கூடவே இறங்கவேண்டும். வாங்குமுன் கையேட்டில் இதைப் பாருங்கள்.

பெயருக்கு முன்னால் ‘கியூ’ வந்தால்?

நான்கு என்று பொருள். கியூஎஸ்எஃப்பி என்பது நான்கு தடங்களை ஒரே பெட்டியில் கட்டியது. ஒரு தடத்துக்கு 10 ஜிகாபிட் என்றால் கியூஎஸ்எஃப்பி பிளஸ், மொத்தம் 40. தடத்துக்கு 25 என்றால் கியூஎஸ்எஃப்பி28, மொத்தம் 100. பெயரில் இருக்கும் 28, ஒரு தடம் தாங்கக்கூடிய உச்ச வேகத்தைக் குறிப்பது. 28 ஜிகாபிட் கிடைக்கும் என்று நினைத்து ஏமாறவேண்டாம்.

நான்கு தடங்கள் என்பதால் ஒரு 40ஐப் பிரித்து நான்கு 10ஆக எடுக்கலாம், ஒரு 100ஐ நான்கு 25ஆக. இதற்குப் பிரேக்கவுட் என்று பெயர். ஆனால் எல்லா மாட்யூலையும் பிரிக்க முடியாது. எஸ்ஆர்4 வகையில் நான்கு தடங்களும் தனித்தனி ஃபைபர் இழைகளில் போகும். 12 இழை கொண்ட அகலமான எம்பிஓ கனெக்டரில் எட்டு இழை பயன்படும். அதைப் பிரிக்கலாம். எல்ஆர்4 வகையில் நான்கு அலைநீளங்களை ஒரே இழையில் கலந்து அனுப்புவார்கள். அதைப் பிரேக்கவுட் கேபிளால் பிரிக்க முடியாது. இதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டுக் கேட்பவர்கள் மாதம் ஒருவராவது உண்டு.

400 ஜிகாபிட்டுக்கு கியூஎஸ்எஃப்பி டிடி வாங்குவதா, ஓஎஸ்எஃப்பி வாங்குவதா?

இரண்டிலும் எட்டுத் தடங்கள். 400 ஜிகாபிட்டில் தடத்துக்கு 50. வெறும் ஒளி இருக்கிறது, இல்லை என்று பூஜ்யமும் ஒன்றும் அனுப்பினால் அந்த வேகம் கஷ்டம். அதனால் ஒளியின் பிரகாசத்தை நான்கு படிகளாக்கி, ஒரு துடிப்பில் இரண்டு பிட் ஏற்றுகிறார்கள்.

கியூஎஸ்எஃப்பி டிடி பழைய கியூஎஸ்எஃப்பியின் அகலத்திலேயே, 18.35 மில்லிமீட்டரில், உள்ளே இரண்டாவது வரிசைப் பின்களைச் சேர்த்தது. அதனால் உங்களிடம் இருக்கும் 100 ஜிகாபிட் மாட்யூல்கள் அதே போர்ட்டில் போகும். ஓஎஸ்எஃப்பி 22.58 மில்லிமீட்டர். அகலம் கூட, தலையிலேயே வெப்பம் தணிக்கும் உலோகத் தகடும் உண்டு. பழையதைப் போடவேண்டுமானால் அடாப்டர் வேண்டும். இந்த வகுப்பு மாட்யூல் ஒன்று 10 வாட் அளவுக்குச் சாப்பிடும். சாதாரண 1 ஜிகாபிட் எஸ்எஃப்பி 1 வாட்டுக்குள் அடங்கிவிடும். இப்படி 32ஐ ஒரே ஸ்விட்சில் அடுக்கினால் சூடு என்ன ஆகும் என்று யோசித்தால் ஓஎஸ்எஃப்பிக்காரர்களின் வாதம் புரியும். 800 ஜிகாபிட்டுக்கும் மேலே போகிறவர்கள், முக்கியமாக ஏஐ கணினிக் கூடங்கள், அதையே விரும்புகிறார்கள். ஏற்கெனவே 100 ஜிகாபிட்டில் பணம் போட்டவருக்கு கியூஎஸ்எஃப்பி டிடி போதும் என்பது என் கணக்கு.

எஸ்ஆர், எல்ஆர், இஆர், இசட்ஆர்: எந்த எழுத்துக்கு எவ்வளவு தூரம்?

10 ஜிகாபிட்டை வைத்துச் சொல்கிறேன். எஸ்ஆர், 850 நானோமீட்டர், மல்ட்டிமோடு (அகன்ற மையம் கொண்ட) ஃபைபர். தூரம் கேபிளின் ரகத்தைப் பொறுத்தது: ஓஎம்3 என்றால் 300 மீட்டர், ஓஎம்4 என்றால் 400. பழைய கட்டடங்களில் ஆரஞ்சு நிற ஓஎம்1 ஓடிக்கொண்டிருக்கும். அதில் 33 மீட்டர்தான். “பத்து வருஷமா ஒரு ஜிகாபிட் ஓடின கேபிள்தானே” என்பார்கள். ஓடியிருக்கும். வேகம் பத்து மடங்கானபோது தூரம் சுருங்கிவிட்டது.

எல்ஆர் 1310 நானோமீட்டர், சிங்கிள்மோடு (குறுகிய மையம் கொண்ட ஃபைபர்), 10 கிலோமீட்டர். இஆர் 1550, 40 கிலோமீட்டர். இசட்ஆர் 80 கிலோமீட்டர். இந்தக் கடைசி ரகம் 10 ஜிகாபிட்டுக்கான ஐஇஇஇ (ஈதர்நெட் தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பு) தரத்தில் இல்லை, கம்பெனிகள் தாமாகச் செய்வது. அதனால் இரண்டு முனையிலும் ஒரே கம்பெனி இருப்பது நல்லது.

மஞ்சள் கேபிள் சிங்கிள்மோடு, கடல்நீலம் ஓஎம்3 அல்லது ஓஎம்4. மாட்யூலின் பிடி நீலமாக இருந்தால் பெரும்பாலும் 1310, கறுப்பு என்றால் 850. பெரும்பாலும் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு முனையில் எஸ்ஆர், மறுமுனையில் எல்ஆர்?

ஓடாது. அலைநீளமும் வேறு, ஃபைபரும் வேறு. சிங்கிள்மோடின் ஒளி போகும் மையம் 9 மைக்ரான், மல்ட்டிமோடில் 50 அல்லது 62.5. குறுகிய இழையிலிருந்து அகன்றதற்கு ஒளி போய்ச் சேரும், திரும்பி வரும்போது பெரும்பகுதி வெளியே சிந்திவிடும்.

எல்ஆர் 10 கிலோமீட்டர் என்றால், 12 கிலோமீட்டருக்குப் போகாதா?

தூரத்தை மறந்துவிட்டு ஒளியைக் கணக்குப் பாருங்கள். 10 ஜிகாபிட் எல்ஆர் தரத்தின்படி, லேசர் குறைந்தது -8.2 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை 0 என்று வைத்து ஒளியின் பலத்தை டெசிபலில் சொல்லும் அளவு) அனுப்பவேண்டும், மறுமுனை -14.4 டிபிஎம் வரை மங்கினாலும் படிக்கவேண்டும். நடுவே செலவழிக்க உங்களுக்கு இருப்பது 6.2 டெசிபல். இதுதான் கையிருப்பு.

செலவு என்ன? 1310இல் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.35 டெசிபல். 12 கிலோமீட்டருக்கு 4.2. ஒவ்வொரு கனெக்டரும் அரை டெசிபல் வரை கேட்கும், ஒவ்வொரு ஸ்ப்ளைஸும் 0.1. இரண்டு கனெக்டர், ஐந்து ஸ்ப்ளைஸ் என்றால் மொத்தம் 5.7. அதாவது, சுத்தமான கேபிளில் 12 கிலோமீட்டர் ஓடும். அதே சமயம் அழுக்குப் பிடித்த நான்கு கனெக்டர் இருந்தால் 7 கிலோமீட்டரிலேயே தடுமாறும். பெட்டியில் போட்டிருக்கும் 10 கிலோமீட்டர் என்பது சுமாரான கேபிளை வைத்துச் சொன்ன உத்தரவாதம்.

3 டெசிபல் போனால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். அதனால்தான் 12 கிலோமீட்டரில் ஓடிக்கொண்டிருந்த லிங்க், யாரோ ரோட்டைத் தோண்டி ஒட்டுப்போட்ட மறுநாள் படுத்துவிடுகிறது. கடைசி டெசிபல்வரை செலவழித்து வைக்காதீர்கள், 2 டெசிபலாவது மிச்சம் இருக்கட்டும்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் 80 கிலோமீட்டர் மாட்யூலே வாங்கிவிட்டால் என்ன?

வேண்டாம். இசட்ஆர் லேசர் 0 முதல் 4 டிபிஎம் வரை அனுப்பும். எதிரே இருக்கும் டயோடு -7 டிபிஎம்முக்கு மேல் தாங்காது. 2 மீட்டர் பேட்ச் கார்டில் (இரு முனையிலும் கனெக்டர் உள்ள குட்டைக் கேபிள்) இரண்டையும் இணைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒருவர் ஆசைப்பட்டால், சோதனை முடியும்போது வாங்கும் டயோடும் முடிந்திருக்கலாம். இடையில் ஒளியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் கட்டாயம்.

பைடை என்கிறார்களே, ஒரே ஃபைபரில் இரு வழியும் எப்படி?

போவதற்கு ஒரு அலைநீளம், வருவதற்கு வேறு. 1 ஜிகாபிட்டில் ஒரு முனை 1310இல் அனுப்பி 1490இல் வாங்கும், எதிர்முனை 1490இல் அனுப்பி 1310இல் வாங்கும். 10 ஜிகாபிட்டில் 1270, 1330. இழைக்கு வாடகை கட்டுகிறவருக்கு இது பாதிச் செலவு.

எனவே இவற்றை ஜோடியாகத்தான் வாங்கவேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு அலுவலகத்துக்கு இருபது பைடை மாட்யூல் தேவைப்பட்டது. பட்டியலில் ஒரு பார்ட் நம்பரை எடுத்து, எண்ணிக்கை இருபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இருபதும் வந்தன. இருபதும் 1310இல் பேசுபவை, 1490இல் கேட்பவை. ஒன்றுகூட எதிர்த்தரப்பு இல்லை. அன்றிலிருந்து பைடை ஆர்டரில் இரண்டு வரி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது என் பழக்கம்.

ரேக்குக்குள்ளேயே இணைக்க ஃபைபர் வேண்டுமா?

வேண்டியதில்லை. டிஏசி என்று ஒரு செப்புக் கேபிள் கிடைக்கும். இரு முனையிலும் மாட்யூல் உருவத்தில் தலை, உள்ளே லேசர் கிடையாது. 10 ஜிகாபிட்டில் 5 முதல் 7 மீட்டர் வரை ஓடும், 25இல் 3 மீட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மலிவு, சூடாகாது, அழுக்குப் பிடிக்கக் கண்ணாடி முனையும் இல்லை. ஒரே ரேக்குக்குள் இதைவிட்டு வேறு எதையும் நான் சிபாரிசு செய்வதில்லை. கொஞ்சம் தடிமன், வளைத்துக் கட்டுவது மட்டும் சிரமம்.

10 ஜிகாபிட்டில் சாதாரண ஆர்ஜே45 (செப்பு லேன் கேபிள் செருகும்) மாட்யூல் கிடைக்கிறதே?

கிடைக்கிறது, கொதிக்கிறது. 2 வாட்டுக்கும் மேல் எடுக்கும். எஸ்எஃப்பி பிளஸ் போர்ட்டுகள் பொதுவாக 1 அல்லது 1.5 வாட்டுக்குத் திட்டமிடப்பட்டவை. தூரமும் பெரும்பாலும் 30 மீட்டர். ஒன்றிரண்டு போட்டுக்கொள்ளலாம், அதுவும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டாம்.

ஸ்விட்ச் கம்பெனியின் மாட்யூலையே வாங்கவேண்டுமா? வெளியில் பல மடங்கு மலிவாகக் கிடைக்கிறதே.

ஒவ்வொரு எஸ்எஃப்பி மாட்யூலிலும் 256 பைட் கொண்ட சின்ன நினைவகம் உண்டு. 20ஆவது பைட்டிலிருந்து 16 எழுத்துகளில் கம்பெனியின் பெயர், பிறகு பார்ட் நம்பர், சீரியல் நம்பர். செருகியவுடன் ஸ்விட்ச் இதைப் படிக்கும். தன் பெயர் இல்லையென்றால் சில ஸ்விட்ச்கள் போர்ட்டையே முடக்கிவிடும். எல்லோருடையதும் எல்லாவற்றிலும் போகவேண்டும் என்று போட்ட ஒப்பந்தத்தின் கதி இதுதான்.

ஸ்விட்ச் கம்பெனிகள் பெரும்பாலும் இந்த மாட்யூலைத் தாமே செய்வதில்லை. ஒளியியல் கம்பெனிகள் செய்து தருவதில் தங்கள் லேபிளை ஒட்டுகிறார்கள். அதனால் உங்கள் ஸ்விட்சுக்கென்று நினைவகத்தில் எழுதி விற்கும் வெளிக்கடைகள் பெருகிவிட்டன. நல்ல கடையில் வாங்கியது வருஷக்கணக்கில் ஓடும் என்பது என் அனுபவம். சிஸ்கோவின் பல ஸ்விட்ச்களில் ‘சர்வீஸ் அன்சப்போர்டட் டிரான்சீவர்’ என்று ஒரு கட்டளை உண்டு. உதவிப் பட்டியலில் அது தெரியாது, கொடுத்தால் வேலை செய்யும். இன்டெலின் 10 ஜிகாபிட் அட்டைகளுக்கும் லினக்ஸ் டிரைவரில் இதேபோல ஒரு தெரிவு இருக்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. கோளாறு என்று சர்வீஸுக்குக் கூப்பிட்டால் முதலில் “எங்கள் மாட்யூலைப் போட்டுப் பாருங்கள்” என்பார்கள். அதற்காக ஒரு ஜோடி அசலை அலமாரியில் வைத்திருங்கள்.

லிங்க் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு முனையில் மட்டும் பேட்ச் கார்டின் இரண்டு கால்களையும் இடம் மாற்றிச் செருகுங்கள். சிரிக்காதீர்கள், பாதி கேஸ் இங்கேயே முடியும். ஒன்றின் அனுப்பும் முனை மற்றதன் வாங்கும் முனைக்குப் போகவேண்டும்.

அடுத்து ஸ்விட்சிடம் கேளுங்கள். பெரும்பாலான மாட்யூல்கள் தங்கள் சூடு, மின்னழுத்தம், லேசர் ஓட்டம், அனுப்பும் ஒளி, வாங்கும் ஒளி ஐந்தையும் சொல்லும். வாங்கும் ஒளி -40 டிபிஎம் என்றால் ஒளியே வரவில்லை: கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது எதிர்முனை அணைந்திருக்கிறது. 10 ஜிகாபிட் எல்ஆரில் -17, -18 என்றால் வருகிறது, போதவில்லை: அழுக்கு, மடிப்பு, மோசமான ஸ்ப்ளைஸ். ஒளி நன்றாக இருந்தும் லிங்க் இல்லையென்றால் ஃபைபரை விடுங்கள், வேகத்தையும் எஃப்இசியையும் பாருங்கள்.

ஒளி குறைவு என்றால் முதலில் துடைப்பது. சட்டை நுனியால் அல்ல, அதற்கென்று விற்கும் கிளிக் பேனாவால். 9 மைக்ரான் மையத்தை மறைக்க ஒரு தூசு போதும். மாட்யூலின் ரப்பர் மூடியைக் கழற்றித் தூக்கி எறிகிறவர்களை வேலையைவிட்டு எடுக்கலாம் என்பது என் கட்சி.

போன் கேமராவில் காட்டினால் லேசர் தெரியும் என்கிறார்களே?

850 நானோமீட்டர் சில போன்களில் ஊதா நிறமாக மங்கித் தெரியும். 1310உம் 1550உம் சாதாரண போன் கேமராவில் தெரியவே தெரியாது, அதன் சிலிக்கான் சில்லு அந்த அலைநீளத்தை உணராது. தெரியவில்லை என்பதால் ஒளி இல்லை என்று முடிவுகட்டிக் கண்ணை வைத்துப் பார்க்கவேண்டாம். கண்ணுக்கும் அது தெரியாது, ஆனால் உள்ளே போகும்.

வீட்டுக்கு வரும் ஃபைபரை மோடத்திலிருந்து கழற்றி நேராக என் ஸ்விட்சின் எஸ்எஃப்பியில் குத்தலாமா?

பச்சை நிறக் கனெக்டர் என்றால் அதன் முனை 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது. மாட்யூல் எதிர்பார்ப்பது நீல நிறத்து நேரான முனை. இரண்டையும் சேர்த்தால் நடுவில் காற்று இடைவெளி விழும். ஆனால் அடாப்டர் வாங்கிச் சரிசெய்தாலும் பயனில்லை. வீட்டுக்கு வருவது பெரும்பாலும் ஜிபான் என்ற பகிர்வு முறை. தெருவில் ஒரே இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்திருப்பார்கள், ஒவ்வொரு வீட்டு மோடமும் தன் முறை வரும்போது மட்டும் 1310இல் ஒளியை அனுப்பும். சாதாரண எஸ்எஃப்பிக்கு முறை என்பதே கிடையாது, ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். உங்கள் மாட்யூலும் 1310இல் அனுப்புவதாக இருந்தால், உங்களுக்கு லிங்க் வராதது மட்டுமல்ல, அந்தப் பிரிவில் இருக்கும் எல்லா வீட்டிலும் இன்டர்நெட் நின்றுபோகலாம். ஜிபான் மோடத்தையே எஸ்எஃப்பி உருவத்தில் செய்து விற்கிறார்கள். இணையம் தரும் கம்பெனி அதன் சீரியல் நம்பரைத் தன் பக்கத்தில் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தால் அதைப் போடலாம். கேட்டுவிட்டு வாங்குங்கள்.